ஸ்டாக்ஹோம்ல கடல் ஏறுதா, இறங்குதா? சுவீடன் கரைக்கு நானே கணக்கு போட்டுப் பாத்தது

சுவீடன்ல கடல்மட்டம் பத்தி யார்கிட்ட பேச்செடுத்தாலும் கடைசியில ஒரே பதில்தான் வரும், "இங்கதான் நிலமே மேல ஏறுதே, நமக்கென்ன கவலை"ன்னு. அது பாதி உண்மை. எந்தப் பாதி, எந்த ஊருக்கு, எந்த வருஷம் வரைக்கும் உண்மைன்னு டேட்டாவை இறக்கி நாமளே பாத்துடலாம்னு உக்காந்தேன். தேவைப்பட்டது எல்லாமே இலவசமா கிடைக்குது, சாதாரண லேப்டாப், பைத்தான், கொஞ்சம் பொறுமை, அவ்ளோதான். வேற யாராவது செஞ்சு பாக்கணும்னா உதவும்னு வரிசையா எழுதி வைக்கறேன்.

முதல்ல நிலம் ஏன் ஏறுது. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி ஸ்காண்டிநேவியா மேல 3 கிலோமீட்டர் தடிமனுக்கு பனி உக்காந்திருந்துச்சு, அந்த வெயிட்ல பூமியோட மேலோடு கீழ அமுங்கிப் போச்சு. பனி உருகிப் போய் பத்தாயிரம் வருஷம் ஆகியும் அமுங்கின இடம் இன்னும் நிமிர்ந்துட்டே இருக்கு, ஏன்னா அடியில இருக்கற பாறைக்குழம்பு ரொம்ப ரொம்ப மெதுவாத்தான் திரும்பி வந்து நிரம்பும். ஹோகா குஸ்டன்னு சொல்ற கரைப் பகுதியில பழைய கடற்கரைக் கோடு இன்னைக்கு 286 மீட்டர் உயரத்துல மலை மேல நிக்குது. லூலியோ ஊர்ல துறைமுகத்துக்குத் தண்ணி பத்தாம 1649லயே ஊரையே கடல் பக்கமா மாத்தி வச்சாங்க, பழைய ஊர் சர்ச்சும் மரவீடுகளுமா இன்னும் உள்ளயே தனியா நிக்குது. டெம்பரேச்சர் ஸ்கேலுக்குப் பேர் கொடுத்த அதே ஆண்டர்ஸ் செல்சியஸ் 1731ல யாவ்லே பக்கத்துல ஒரு பாறையில அன்னைக்குத் தண்ணி நின்ன மட்டத்துல கோடு வெட்டி வச்சார். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1.4 சென்டிமீட்டர் இறங்குதுன்னு கணக்கும் போட்டார். ஆனா நிலம் ஏறுதுன்னு இல்ல, கடல் தண்ணிதான் கொறைஞ்சிட்டே போகுதுன்னு அவர் நினைச்சார். இந்தக் கணக்கோட சிக்கலே அதுதான், கரையில நின்னு பாக்கற கருவிக்கு எது ஏறுது எது இறங்குதுன்னு தெரியாது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் மட்டும்தான் தெரியும்.

டைட் கேஜ், அதாவது கரையில நின்னு கடல்மட்டம் அளக்கற கருவி, அதோட டேட்டாவை பி.எஸ்.எம்.எஸ்.எல்ங்கற உலகக் கடல்மட்டக் காப்பகத்துல இருந்து எடுத்தேன், இங்கிலாந்துல லிவர்பூல்ல இருந்து நடத்தறாங்க. வடக்குல இருந்து தெற்கு வரைக்கும் அஞ்சு ஸ்டேஷன்: ஷெலெஃப்டியோ பக்கம் ஃபுரூயோக்ருண்ட், உமியோவுக்குக் கொஞ்சம் வடக்கால ராத்தான், அப்புறம் ஸ்டாக்ஹோம், கார்ல்ஸ்க்ரோனா வாசல்ல இருக்கற குங்ஸ்ஹோம்ஸ்ஃபோர்ட், மால்மோவுக்குக் கீழ கிளாக்ஸ்ஹாம். ஸ்டாக்ஹோமுக்கு 1774ல இருந்தே அளவு இருக்கு, தொடர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஓடிட்டிருக்கற ரெக்கார்டுகள்ல உலகத்துலயே ரொம்பப் பழசு. பி.எஸ்.எம்.எஸ்.எல் மாதாந்திரத் தொடர்ல அது 78ஆம் நம்பர் ஸ்டேஷன், 1889ல தொடங்குது, எனக்கு அது போதும்.

இறக்கும்போது ரெண்டு வகை இருக்கும், மெட்ரிக்னு ஒண்ணு, ஆர்.எல்.ஆர்னு ஒண்ணு. டிரெண்ட் பாக்கணும்னா ஆர்.எல்.ஆர் மட்டும்தான் எடுக்கணும், ஏன்னா அதுலதான் கருவியை மாத்தினாலும் இடத்தை நகத்தினாலும் கரையில இருக்கற ஒரே பெஞ்ச்மார்க்குக்கு, அதாவது நகராத அடையாளப் புள்ளிக்கு, எல்லா அளவையும் கட்டி வச்சிருப்பாங்க. மதிப்பெல்லாம் 7000 மில்லிமீட்டரைச் சுத்தி இருக்கும், நெகட்டிவ் நம்பர் வராம இருக்கறதுக்காகப் பூஜ்யத்தை அவ்ளோ கீழ வச்சிருக்காங்க, பாத்துட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு வரியில நாலு எண், நடுவுல செமிகோலன். வருஷம் தசமத்துல இருக்கும், 1889 ஜனவரின்னா 1889.0417, அதாவது மாசத்தோட நடுப்பகுதி. அளவு இல்லாத மாசத்துல -99999னு போட்டிருக்கும், படிக்கும்போதே அதைக் காலி மதிப்பா மாத்திடணும், ஒரே ஒரு வரி மாறாம உள்ள போனாக்கூட கோடு எங்கயோ போய் நிக்கும்.

சுவீடனுக்குக் கிழக்கால இருக்கற பால்டிக் கடல்ல ஒரு வசதி, அலை ஏற்ற இறக்கம்னு சொல்ற டைட் அங்க சில சென்டிமீட்டர்தான். ஆனா அதுக்குப் பதிலா காத்து ஆட்டம் போடும். மேற்குக் காத்து வாரக்கணக்குல விடாம அடிச்சா டென்மார்க் பக்கத்து குறுகலான ஜலசந்தி வழியா வடகடல் தண்ணி உள்ள வந்து பால்டிக் முழுக்கவே மட்டம் ஏறிடும், கிழக்குக் காத்து அடிச்சா வெளிய போயிடும். அதனால ஒரு மாசத்துக்கும் அடுத்த மாசத்துக்கும் பத்து இருபது சென்டிமீட்டர் வித்தியாசம் சர்வசாதாரணம், ஒரு வருஷ சராசரியேகூடப் பக்கத்து வருஷத்துல இருந்து பல சென்டிமீட்டர் தள்ளி நிக்கும். நாம தேடறதோ வருஷத்துக்கு சில மில்லிமீட்டர். அதான் நேர்கோட்டோட சேர்த்து வருஷச் சுழற்சி, அரைவருஷச் சுழற்சி, அப்புறம் ஈரா5 வானிலைத் தொகுப்புல இருந்து டேனிஷ் ஜலசந்திப் பக்கத்து மேற்குக் காத்தும் காத்தழுத்தமும் எடுத்து எல்லாத்தையும் ஒரே ரிக்ரெஷன்ல, அதாவது எது எவ்ளோ பங்குன்னு பிரிச்சுக் காட்டற கணக்குல, போட்டேன். ஈரா5 1940ல இருந்துதான் கிடைக்குது, அதுக்கு முன்னாடி இருக்கற காலத்துக்கு சுழற்சி மட்டும் வச்சு ஓட்டினேன். காத்தைச் சேர்த்ததும் மிச்சம் நிக்கற ஆட்டம் நல்லா சுருங்குது, டிரெண்டோட பிழை வரம்பும் கூடவே குறையுது. இன்னொண்ணு, பக்கத்துப் பக்கத்து மாசங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியேதான் நடக்கும், அதைக் கணக்குல எடுக்காம சாதாரண லீஸ்ட் ஸ்கொயர்ஸ் கொடுக்கற பிழை வரம்பை நம்பினா நமக்குத் தெரிஞ்சதைவிட அதிகம் தெரிஞ்ச மாதிரி ஆயிடும்.

வந்த விடை இப்படி. முழு ரெக்கார்டுக்கும் பாத்தா ஃபுரூயோக்ருண்ட்ல கடல் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் இறங்குது, ராத்தான்லயும் ஏறக்குறைய அதே, ஸ்டாக்ஹோம்ல 4க்குக் கொஞ்சம் கீழ இறங்குது, குங்ஸ்ஹோம்ஸ்ஃபோர்ட்ல ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல, கிளாக்ஸ்ஹாம்ல மட்டும் லேசா ஏறுது. ஒரே நாடு, ஒரே கடல், கோடு மட்டும் இப்படி விசிறி மாதிரி விரியுது. "சுவீடன்ல கடல்மட்டம் எவ்ளோ உயரும்"ங்கற கேள்விக்கு ஒரு நம்பர் பதிலே கிடையாதுன்னு இந்த ஒரு படத்தைப் பாத்தாலே புரிஞ்சிடும்.

அடுத்தது நில ஏற்றம். நார்டிக் நாடுகளோட நிலஅளவை ஆளுங்க சேர்ந்து நடத்தற என்.கே.ஜி ஆணையம் நில ஏற்றத்துக்குன்னு ஒரு கணக்கு மாதிரி (மாடல்) வெளியிட்டிருக்காங்க, பேரு என்.கே.ஜி 2016 எல்.யூ. ஜி.பி.எஸ் ஸ்டேஷன்கள், பல தலைமுறையா செஞ்ச லெவலிங் அளவு, பனி உருகின இயற்பியல் மாதிரி எல்லாத்தையும் சேர்த்துப் போட்ட கட்டம் (கிரிட்), இடத்துக்கு இடம் ஒரு மதிப்பு இருக்கும். இதுல ரெண்டு கட்டம் வரும், இங்கதான் கவனமா இருக்கணும். ஒண்ணு ஏ.பி.எஸ், பூமி மையத்துல இருந்து பாத்தா நிலம் எவ்ளோ ஏறுதுன்னு, ஜி.பி.எஸ் பாக்கறது அதைத்தான். இன்னொண்ணு எல்.இ.வி, ஜியாய்டுன்னு சொல்ற ஈர்ப்பு மட்டத்துல இருந்து எவ்ளோ ஏறுதுன்னு. நிலத்தடியில பாறைக்குழம்பு திரும்பி வந்து நிரம்பும்போது அந்த இடத்தோட ஈர்ப்பும் கொஞ்சம் கூடுது, ஜியாய்டும் கூடவே மேல வருது, கடல் தண்ணி ஜியாய்டைத்தான் பின்பற்றும். அதனால கரையில நிக்கறவனுக்கு வேண்டியது எல்.இ.வி. ரெண்டுக்கும் வித்தியாசம் அதிகபட்ச இடத்துலயே வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான், ஆனா நூறு வருஷத்துக்குப் பெருக்கினா 5, 6 சென்டிமீட்டர் ஆயிடும், அதைச் சும்மா விட முடியாது.

எல்.இ.வி கட்டத்துல இருந்து ஸ்டேஷன் இருக்கற புள்ளிக்கு எடுத்தா உமியோ பக்கம் 9 மில்லிமீட்டருக்கு மேல, ஸ்டாக்ஹோம்ல 5, மால்மோ பக்கம் ஒண்ணுக்கும் கீழ. இதை டைட் கேஜ் டிரெண்டோட கூட்டினா நிலத்தைக் கழிச்சிட்டுக் கடல் மட்டும் எவ்ளோ ஏறிச்சுன்னு வரணும்.

இந்த முழு வேலையிலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 8 இறங்கின ஃபுரூயோக்ருண்ட், 4 இறங்கின ஸ்டாக்ஹோம், நகராத குங்ஸ்ஹோம்ஸ்ஃபோர்ட், ஏறின கிளாக்ஸ்ஹாம், எல்லாத்துலயும் நில ஏற்றத்தைக் கூட்டினதும் அஞ்சும் 1ல இருந்து 2 மில்லிமீட்டருக்குள்ள வந்து ஒண்ணா நிக்குது. டைட் கேஜ் ஜி.பி.எஸ்ஸை ஒரு நாளும் பாத்ததில்ல, ரெண்டும் தனித்தனியா எடுத்த அளவு, ஆனா கூட்டினா ஒத்துப் போகுது. எதிர்காலத்தைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி இந்தச் சோதனையை யாரா இருந்தாலும் செய்யணும்னு நான் அழுத்திச் சொல்லுவேன், ஏன்னா கடந்த நூறு வருஷத்துல நிலத்தையும் கடலையும் பிரிச்சுக் காட்ட முடியலன்னா அடுத்த நூறு வருஷத்துக்குப் போடற கணக்கை எப்படி நம்பறது? அதே கையோட கடைசி 30 வருஷத்துக்கு மட்டும் தனியா டிரெண்ட் எடுத்துப் பாருங்க. நூறு வருஷச் சராசரியைவிட அது தெளிவா அதிகம். ஸ்டாக்ஹோம் படத்துல சரிவு படுத்துட்டு வர்றது கணக்கே போடாமக் கண்ணுக்குத் தெரியுது.

இப்ப எதிர்காலம். ஐ.பி.சி.சிங்கற ஐ.நா. காலநிலைக் குழுவோட ஆறாவது அறிக்கையில இருக்கற கடல்மட்டக் கணிப்பு டேட்டா முழுசா பொதுவுல இருக்கு. கிரீன்லாந்து, அண்டார்டிகா, மலைப் பனியாறுகள், கடல் சூடாகி விரியறதும் கடல் சுழற்சியும் (நீரோட்டம் மாறறது), நிலத்துல இருந்து கடலுக்குப் போற தண்ணி, நிலத்தோட செங்குத்து நகர்வு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஃபைல், 2020ல இருந்து 2150 வரைக்கும் பத்துப் பத்து வருஷமா, ஒவ்வொண்ணுக்கும் 107 குவான்டைல், அதாவது குறைவான கணிப்புல இருந்து அதிகமான கணிப்பு வரைக்கும் வரிசையா பிரிச்ச புள்ளிகள். இடங்களுக்கு பி.எஸ்.எம்.எஸ்.எல் நம்பரையே வச்சிருக்காங்க, எக்ஸ்அரேங்கற பைத்தான் கருவியில திறந்து 78ன்னு கேட்டா ஸ்டாக்ஹோம் வந்துடும். எல்லாம் மில்லிமீட்டர்ல, பூஜ்யம்ங்கறது 1995ல இருந்து 2014 வரைக்குமான சராசரி.

ஒரு எச்சரிக்கை. அந்த மொத்தக் கணிப்புக்குள்ள நில நகர்வு ஏற்கெனவே இருக்கு, டைட் கேஜ்ல இருந்தே மதிப்பிட்டு உள்ள வச்சிருக்காங்க. அது மேல நாம என்.கே.ஜி ஏற்றத்தையும் கழிச்சா நிலம் ரெண்டு தடவை ஏறிடும், ஸ்டாக்ஹோமுக்கு நூறு வருஷத்துல அரை மீட்டர் தப்பு, அதுவும் ஆபத்து இல்லன்னு காட்டற பக்கமா. இதுக்குன்னே நில நகர்வு சேக்காத தொகுப்பு தனியா கொடுத்திருக்காங்க, நார்டிக் நாடுகளுக்கு அதை எடுத்து என்.கே.ஜியை வைக்கறதுதான் சரின்னு எனக்குப் படுது, இந்தப் பகுதிக்கு அதைவிட நல்ல நில மாதிரி கிடையாது. சேக்கும்போது கடல் கணிப்போட மீடியன்ல (நடு மதிப்புல) இருந்து நில ஏற்றத்தோட மீடியனைக் கழிச்சுட்டு நிறுத்தக் கூடாது. குவான்டைல்ல இருந்து ஆயிரக்கணக்குல சாம்பிள் எடுத்து, நில ஏற்றத்துக்கும் அதோட பிழை வரம்புக்குள்ள ஒரு மதிப்பு எடுத்து, ஒவ்வொண்ணையும் கழிச்சு, கடைசியில திரும்பக் குவான்டைல் எடுக்கணும்.

கிரீன்லாந்து ஃபைலைத் திறந்து பாத்தா முதல் தடவை யாருக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கும், சுவீடன் கரையில அதோட பங்கு உலகச் சராசரியைவிட ரொம்பக் குறைவு. காரணம் ஈர்ப்புதான். கிரீன்லாந்துல இருக்கற அவ்ளோ பெரிய பனிமலை சுத்தி இருக்கற கடலைத் தன் பக்கம் இழுத்து வச்சிருக்கு, அது உருகினா இழுவை குறையுது, சுமார் 2,000 கிலோமீட்டருக்குள்ள கடல் ஏறறதுக்குப் பதிலா இறங்கவே செய்யும், ஸ்காண்டிநேவியா அந்த எல்லையைத் தாண்டி ரொம்ப தூரம் இல்ல. அண்டார்டிகா உருகினா நேர் எதிர், வடக்குல சராசரியைவிடக் கொஞ்சம் அதிகமா ஏறும். ஸ்டாக்ஹோமுக்கு வராத கிரீன்லாந்துத் தண்ணி காணாமப் போயிடறது இல்ல, அது தூரத்துல போய் ஏறும், சென்னை, கொழும்பு மாதிரி வெப்பமண்டலக் கரைக்கெல்லாம் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலா. நம்ம கரைங்களுக்கு இந்த நில ஏற்றமும் கிடையாது. இதைத் தெரிஞ்சுக்கிட்டே ஸ்டாக்ஹோம்ல உக்காந்து "நமக்கென்ன கவலை"ன்னு என்னால சொல்ல முடியல.

கடல் சுழற்சி ஃபைல்ல ஒரு பலவீனம் இருக்கு. உலக அளவு மாதிரிகளுக்கு டேனிஷ் ஜலசந்தி ரொம்பச் சின்னது, பல மாதிரிகள்ல அது சரியாவே இருக்காது, அதனால பால்டிக் உள்ள இருக்கற மதிப்பு பெரும்பாலும் வெளிக் கடல்ல இருந்து இழுத்துப் போட்டதுதான். நீண்டகால சராசரிக்கு அது பெரிய தப்பு ஆகாது, பால்டிக் கடைசியில வடகடலோடதான் சேர்ந்து ஏறும். ஆனா பால்டிக்கோட வடக்குப் பகுதியான போத்னியா வளைகுடாவுக்கும் தெற்கு பால்டிக்குக்கும் நடுவுல இந்த ஃபைல் காட்டற வித்தியாசத்தை நான் நம்பல.

முழு மாதிரி ஓட்டறதுக்கு முன்னாடி காகிதத்துல ஒரு தடவை போட்டுப் பாத்தேன், எல்லாரும் போட்டுப் பாக்கணும். எஸ்.எஸ்.பிங்கறது உமிழ்வு எப்படிப் போகும்னு ஐ.பி.சி.சி வச்சிருக்கற பாதைகள். உலகச் சராசரி 2100ல நடு மதிப்பு, உமிழ்வு குறையற முதல் பாதையான எஸ்.எஸ்.பி 1-2.6க்கு 44 சென்டிமீட்டர், நடுப் பாதையான 2-4.5க்கு 56, மோசமான பாதையான 5-8.5க்கு 77. பூஜ்யக் காலத்தோட நடுவான 2005ல இருந்து 95 வருஷம். ஸ்டாக்ஹோம் நிலம் 5 மில்லிமீட்டர்னா 95 வருஷத்துல 47 சென்டிமீட்டர் சொச்சம். கழிச்சா முதல் பாதையில கடல் கொஞ்சம் இறங்கியே இருக்கும், நடுப் பாதையில 8, 9 சென்டிமீட்டர் ஏற்றம், மோசமான பாதையில 30 கிட்ட. உமியோ பக்கம் நிலம் 9 மில்லிமீட்டர்னா 85 சென்டிமீட்டர், மோசமான பாதையோட நடு மதிப்பைக்கூட நிலம் ஜெயிச்சிடுது. மால்மோவுல கழிக்க 10 சென்டிமீட்டர்கூட இல்ல. முழு மாதிரியில கிரீன்லாந்துக் குறைவு, அண்டார்டிகாக் கூடுதல் எல்லாம் சேர்ந்து இதைக் கொஞ்சம் நகத்துது, ஆனா படம் மாறல.

ஆனா 2100ங்கற ஒரே வருஷத்தை மட்டும் பாக்கறது ஏமாத்திடும். "உமியோவுல கடல் இறங்கித்தான் இருக்கும்"னு அதோட நிறுத்திக்கலாம்னு தோணும். அதனால மட்டத்தை விட்டுட்டு வேகத்தைப் பாத்தேன், கடல் ஏறற வேகம் நிலம் ஏறற வேகத்தை எந்தப் பத்தாண்டுல தாண்டுதுன்னு. 2006ல இருந்து 2018 வரைக்கும் உலகச் சராசரி வேகம் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர். 2040 முதல் 2060 வரைக்கும் நடுப் பாதையில 5.8, மோசமான பாதையில 7.2. நூற்றாண்டோட கடைசி இருபது வருஷத்துல நடுப் பாதையில 7.7, மோசமான பாதையில 12.1. இப்ப ஸ்டாக்ஹோமோட 5ஐ இது பக்கத்துல வச்சுப் பாருங்க. நூற்றாண்டு நடுவுலயே கடல் முந்துது. 1774ல இருந்து எடுத்த அளவுல மொத்தமா இறங்கிட்டே வந்த கோடு இன்னைக்கு ஸ்கூல் போற பசங்க காலத்துல திரும்பி மேல ஏற ஆரம்பிக்கும். உமியோகூட மோசமான பாதையில நூற்றாண்டு முடியறதுக்குள்ள திரும்பிடும், 2100ல மட்டம் இன்னைக்கு இருக்கறதைவிடக் கீழதான் இருக்கும், ஆனா போற திசை மேல. முதல் பாதையில, அதாவது உமிழ்வை வேகமாக் குறைச்சா, கடைசி வரைக்கும் 5ஐச் சுத்தியேதான் நிக்குது, ஸ்டாக்ஹோம் தப்பிச்ச மாதிரி. நில ஏற்றம் இந்த நாட்டுக்குக் கொடுத்திருக்கறது அவகாசம் மட்டும்தான்னு இந்த ஒரு வரிசை எனக்குத் தெளிவாக் காட்டுச்சு. அண்டார்டிகா பனித்தட்டு எதிர்பாராத வேகத்துல உடைஞ்சா உலகச் சராசரியே 2100ல 2 மீட்டரை நெருங்கறதை ஒதுக்கிட முடியாதுன்னு அதே அறிக்கை சொல்லுது. அந்தத் தொகுப்பை எடுத்து ஓட்டினா வடக்கும் தப்பல.

ஊர்க் கட்டடத்தோட ஒப்பிட்டுப் பாக்க ஆர்.எச் 2000ங்கற சுவீடன் உயர முறைக்கு மாத்தணும். அதோட பூஜ்யம் ஸ்டாக்ஹோம் கடல்மட்டம் இல்ல, ஆம்ஸ்டர்டாம் பூஜ்யம். அதனால எஸ்.எம்.எச்.ஐன்னு சொல்ற சுவீடன் வானிலை நிறுவனத்தோட மணிக்கணக்கு டேட்டாவை ஆர்.எச் 2000லயே இறக்கி, 1995 முதல் 2014 வரைக்கும் சராசரி எடுத்து, கணிப்பை அது மேல ஏத்தினேன். இதைச் செய்யாம மேப்புல தண்ணி ஊத்தினா படம் அழகா வரும், ஆனா மட்டம் தப்பா இருக்கும்.

ஸ்டாக்ஹோம்ல இது ஏன் முக்கியம்னா ஊர் நடுவுல ஸ்லுசன்ங்கற மதகுப் பகுதியில மேலரன் ஏரியும் கடலும் சந்திக்குது. ஏரி மட்டம் கடலைவிட சுமார் 70 சென்டிமீட்டர்தான் மேல, இருபது லட்சம் பேருக்கு மேல குடிதண்ணி அதுல இருந்துதான். அந்த ஏரியே ஒரு காலத்துல கடல் வளைகுடா, நிலம் ஏறினதுல பிரிஞ்சது. புது ஸ்லுசன்ல வெள்ளத் தண்ணியைத் திறந்து விடற அளவை நொடிக்கு 300 கன மீட்டர் கிட்ட இருந்ததை 1,400 ஆக்கறாங்க. கடல் பக்கம் 30 சென்டிமீட்டர் ஏறினாலே அந்த 70ல பாதி போச்சு, அதுக்கு மேல ஒரு புயல் வந்தா உப்புத் தண்ணி ஏரிக்குள்ள திரும்ப வழி கிடைக்கும்.

புயலுக்குத் தனியா, டிரெண்டைக் கழிச்சிட்டு வருஷ உச்சங்களை எடுத்து உச்சமதிப்புப் பரவல், அதாவது எவ்ளோ உயரம் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வரும்னு சொல்ற கோடு, பொருத்தினேன். ஸ்டாக்ஹோமுக்கு அது நல்லாவே உக்காந்துச்சு. சுவீடனோட தெற்கு முனை மாகாணமான ஸ்கோனேயோட தென்கரைக்கு அப்படியே நம்பக் கூடாது. 1872 நவம்பர் 13ல தெற்கு பால்டிக்ல அடிச்ச புயல்ல ஜெர்மனி பக்கம் டிராவமுண்டேல தண்ணி வழக்கத்தைவிட 3 மீட்டருக்கு மேல ஏறிச்சு, ஸ்கோனே கரையும் நாசமாச்சு. சுவீடனோட கருவிகள் இந்தக் கரையில அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு, கிளாக்ஸ்ஹாம் ரெக்கார்டு 1929ல இருந்துதான். அதாவது இருக்கறதுலயே பெரிய புயல் டேட்டாவுலயே இல்ல, பரவல் கோடு அதைப் பாத்ததே கிடையாது. 2023 அக்டோபர்ல ஜெர்மனியோட ஃபிளென்ஸ்பர்க்ல வழக்கத்தைவிட 2 மீட்டருக்கு மேல வந்தப்போ அந்தப் பகுதி திரும்ப அதை நினைச்சுக்கிச்சு. ஸ்கோனேல ஃபால்ஸ்டர்போ தீபகற்பத்துல வெல்லிங்கே நகராட்சி தடுப்புக் கரை கட்டற வேலையில இறங்கியிருக்கறதுக்கு 1872தான் அளவுகோல்னு பேசுவாங்க, அது நியாயம்தான். நான் செஞ்சது, 1872ஐ ஒரு வரலாற்று நிகழ்வா, அதோட உயரத்துக்குப் பெரிய பிழை வரம்பு கொடுத்து, பொருத்தத்துக்குள்ள சேர்த்தது. நூறு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வர்ற உயரம் கணிசமா மேல ஏறுது, அது மேலதான் கடல்மட்ட ஏற்றத்தைக் கூட்டணும்.

மேற்குக் கரை இன்னும் பாக்கி. யோத்தெபோரிலயும் ஸ்மோகன்லயும் நிலம் 3 மில்லிமீட்டரைச் சுத்தி ஏறுது, அதாவது இன்னைய உலக வேகத்தோட ஏற்கெனவே சரிக்குச் சரி நிக்கற இடம். அதனால கடல் முந்தற பத்தாண்டு அங்க முன்னாடியா, நடந்துட்டிருக்கறதாங்கறதைத்தான் அடுத்து டேட்டாவுல தேடப் போறேன்.